ஆளை அறிதலும் ஆளை மறைத்தலும்

ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் காணாமலே நடைபெறும் கல்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. தபாற் பையில் பாடம் வந்தது. தபாற் பையில் விடை சென்றது. இன்று அந்தப் பையின் இடத்தைக் கணினியும் கைபேசியும் பிடித்துக்கொண்டன. கருவி மாறிற்றேயன்றி வினா மாறவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதியவர்தாம் விடையையும் எழுதினாரா? அதனை உறுதிப்படுத்துவதற்காகப் பல்கலைக்கழகம் அவருடைய வாழ்க்கையினுள் எவ்வளவு தூரம் புகலாம்?

முதல் வினாவை நிர்வாகிகள் ஓயாது கேட்கின்றனர். இரண்டாம் வினாவைக் கேட்பார் சிலரே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் பற்றிக்கொண்ட போதெல்லாம் அடிபட்டவர்கள் வறியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களுமே. இதனை வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே இங்கு நம் நோக்கம்.

தீவிலிருந்து பார்க்கையில்

புங்குடுதீவின் மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்ல வேண்டுமாயின், கடலை ஊடறுத்துச் செல்லும் பாதைகளைக் கடந்து, வேலணை வழியாகப் பண்ணையை அடைய வேண்டும். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் அதற்கு முன்னரே குறிகட்டுவான் துறை வரை படகுப் பயணம் உண்டு. இத்தகைய நிலத்தில் 'தொலை' என்பது பாடநூலில் மட்டும் வரும் சொல் அன்று. காற்றும் கடலும் பேருந்து நேரமும் கூடி நிர்ணயிக்கும் நாளாந்த உண்மை. பகலில் தொழில் செய்து இரவில் படிக்கும் எழுதுவினைஞருக்கும், குழந்தையை உறங்கவைத்த பின் நூலை விரிக்கும் தாய்க்கும், மேற்படிப்பை நாடும் ஆசிரியருக்கும் தொலைக்கல்வி ஆடம்பரமன்று. பலருக்கு அதுவே எஞ்சியுள்ள ஒரே வாயில். அந்த வாயிலில் நிற்கும் காவலன் எத்தகையவன் என்பது நமக்கு அற்ப விடயமாக இருக்க முடியாது.

கடல் கடந்த பட்டங்கள்

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இச்செய்தியைப் பெருமிதத்தோடு கூறி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். ஆனால் 'கரோல்' என்ற அந்த முன்னொட்டைச் சற்று உற்றுப் பார்த்தல் வேண்டும். மிஷன் பாடசாலைகளில் பயின்ற பிள்ளைகளுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. நெவின்ஸ், வைமன், எவார்ட்ஸ் முதலிய பெயர்கள் தமிழ்ப் பெயர்களின் முன்னே வந்து அமர்ந்தமை அவ்வழக்கின் சுவடேயாகும். கல்வி நிறுவனம் தன் ஏட்டில் எழுதிவைக்கும் அடையாளம் மாணவரின் தேவைக்காக மட்டும் எழுதப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1858இல் லண்டன் பல்கலைக்கழகம் ஒரு புதிய வழியைத் திறந்தது. மருத்துவம் நீங்கலான தன் பட்டப் பரீட்சைகளுக்கு எந்தக் கல்லூரியிலும் பயிலாதவரும் தோற்றலாம் என்று அதன் அரச சாசனம் இடமளித்தது. 1865இல் மொரிசியஸ் தீவில் அதன் பரீட்சை நடைபெற்றது; பிரித்தானியாவுக்கு வெளியே நடந்த முதற் பரீட்சை அதுவே. இலங்கையில் 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, லண்டனின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. பின்னாளில் தமிழ் அரசியலின் தலைவராக விளங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1918இல் பெற்ற விஞ்ஞானப் பட்டமும் இவ்வகையினதே. ஆங்கிலப் பட்டத்துக்கு லண்டன் இருந்தது போலத் தமிழ்ப் புலமைக்கு மதுரைத் தமிழ்ச் சங்கம் இருந்தது. சுவாமி விபுலாநந்தர் துறவுக்கு முன்னரே, 1916இல், அச்சங்கத்தின் பண்டித பரீட்சையில் தேறினார்.

ஏகாதிபத்தியம் தன் அலுவலகங்களை நடத்துவதற்குப் படித்த கீழ்நிலை உத்தியோகத்தரை விரும்பியது. அதற்காகவே இவ்வாயிலைத் திறந்தது என்று கூறினால் அது பொய்யாகாது. ஆயினும் திறந்த வாயிலில் நுழைந்தவர் எல்லாரும் ஆட்சியாளர் எதிர்பார்த்த இடத்துக்கே சென்று சேரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940க்கும் 1945க்கும் இடையில், 88 போர்க்கைதி முகாம்களில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 11,000 பரீட்சைகள் எழுதப்பட்டன. நெல்சன் மண்டேலா சிறைக்குள்ளிருந்தே சட்டம் படித்தார். தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி வழியாக 1989இல் சட்டப் பட்டம் பெற்றார். முள்வேலிக்குள்ளும் சிறைச்சுவருக்குள்ளும் நுழைந்த கல்வி இது.

வாசலும் மேசையும்

முன்பின் கண்டறியாத ஒருவரை லண்டன் பல்கலைக்கழகம் எவ்வாறு நம்பியது? அதன் உத்தி எளியது. வினாத்தாள் முத்திரையிட்ட உறையில் கப்பலேறிற்று. குறித்த நாளில், குறித்த மண்டபத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையில் உறை உடைக்கப்பட்டது. எழுதியவர் அவரே என்பதற்கு உள்ளூர்ச் சான்று போதுமானதாயிற்று. அவர் வீட்டில் எவ்வாறு படித்தார், எந்த விளக்கில் படித்தார், பக்கத்தில் யார் இருந்தார் என்பன பல்கலைக்கழகத்தின் கவலைகளாக இருக்கவில்லை. அது கேட்டது மூன்று மணி நேரத்தையே. முழு வாழ்க்கையை அன்று.

இதனினும் நுட்பமான ஏற்பாட்டைச் சீனர் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர். அரச உத்தியோகப் பரீட்சைக்கு வருவோரை வாசலில் அடையாளங்கண்டு, உடலையும் உடைமையையும் சோதித்தே உள்ளே விட்டனர். ஆனால் விடைத்தாள் திருத்துவோரின் மேசைக்குச் செல்லுமுன் அதிலுள்ள பெயரை மூடி ஒட்டினர். சொங் அரச மரபுக் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதுவும் போதாதென்று கண்டனர். கையெழுத்தைக் கொண்டே ஆளை அறிந்துவிடலாம் அல்லவா? ஆகவே எழுத்தர்களை அமர்த்தி விடைகள் யாவற்றையும் பிரதி செய்வித்து, அப்பிரதியையே திருத்துவோரிடம் கொடுத்தனர். அப்பரீட்சை முறை 1905இல் ஒழிக்கப்பட்டது. அது நிலவுடைமையாளரின் ஆட்சிக்கு உதவிய முறை என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அதில் அடங்கிய தத்துவம் சிறந்தது: வாசலில் ஆளை அறிதல் வேண்டும், மேசையில் ஆளை மறைத்தல் வேண்டும். அறிவது ஆள்மாறாட்டத்தைத் தடுக்கிறது. மறைப்பது பாரபட்சத்தைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்ததே நீதியான பரீட்சை.

நம் பரீட்சைகளில் வழங்கும் சுட்டெண் இத்தத்துவத்தின் வாரிசேயாகும். பெயரை நீக்கி எண்ணை இடுதல் மனிதனைச் சிறுமைப்படுத்துவது என்று சிலர் கருதலாம். சாதி வேரோடிய சமுதாயத்தில் பிறந்தவர் அவ்வாறு கருதமாட்டார். யாழ்ப்பாணத்திலே பெயர் வெறும் பெயராக இருந்த காலம் குறைவு. ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் குறிச்சிப் பெயரும் கேட்டவுடன் ஒருவரை எங்கே அமர்த்துவது, எந்தப் பாத்திரத்தில் நீர் கொடுப்பது என்பது முடிவாகிவிடும். மடம் என்ற சொல் வழிப்போக்கருக்குத் திண்ணை தந்த அறத்தை நினைவூட்டுவது; ஆயினும் அந்தத் திண்ணையிலும் சாதி கேட்கப்பட்டது. புங்குடுதீவின் எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) தம் ஊரில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் போராட வேண்டியிருந்தது. தண்ணீருக்கே 'நீ யார்?' என்று கேட்ட மண்ணில், 'நீ யார் என்பது எனக்கு வேண்டாம். நீ எழுதியதைக் காட்டு' என்று ஒரு தாள் கூறியதே! அந்த எண் ஒடுக்கப்பட்ட மாணவருக்குக் கவசமாயிற்று.

ஆனால் வாசலிலே நிலைமை வேறு. பாடசாலைக்கு வெளியேயிருந்து தோற்றுபவர் தம் அநுமதி அட்டையில் இட்ட கையொப்பத்தை மதிப்புள்ள ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அவர் அதிபராகவோ சமாதான நீதவானாகவோ இருக்கலாம். ஒருவரை ஊரறியும், அவர் இன்னார் என்று கூற ஊருக்கு ஒரு கணமும் வேண்டாம். எனினும் ஊரின் அறிவு செல்லாது. ஊர்ப் பெரியவரின் ஒப்பமே செல்லும். ஒப்பமிடும் அதிகாரம் யார் கையில் இருந்தது, யாருடைய படலையில் யார் காத்து நின்றார் என்பதைச் சமூக வரலாறு எழுதுவோர் ஆராய்தல் நன்று.

1968இன் இரு சட்டங்கள்

இலங்கைப் பாராளுமன்றம் 1968இல் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, பரீட்சை மோசடிகளைக் குற்றமாக்கிய பொதுப் பரீட்சைகள் சட்டம். மற்றது, ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம். பின்னையதன் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. நாளடைவில் இவ்விரு பாதைகளும் பரீட்சை மண்டபத்தின் வாசலில் சந்தித்தன. அட்டையைக் காட்டாமல் உள்ளே செல்வது அரிதாயிற்று.

அட்டை ஆள்மாறாட்டத்தைக் குறைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. மற்றவரின் பட்டத்தை விலைக்கு வாங்கக் கூடியவர் பணக்காரரே. ஆகையால் ஆள்மாறாட்டத்தைத் தடுப்பது ஏழை மாணவரின் உழைப்பைக் காப்பதாகும். வெளிவாரிப் பட்டத்தை இளக்காரமாகப் பேசுவோரின் வாயை அடைப்பதும் அந்த உறுதிப்பாடே. ஆனால் பரீட்சை வாசலில் காட்டிய அதே அட்டையை வீதியில் சோதனைச் சாவடியிலும் காட்ட வேண்டியிருந்தது. 2014க்கு முன்னர் சிங்களப் பகுதிகளில் வழங்கப்பட்ட அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழரின் அட்டை சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. ஆகவே பெயரை வாசிக்கு முன்னரே, எழுத்தைக் கண்ட மாத்திரத்தில், ஏந்தி நின்றவரின் இனம் தெரிந்தது. அட்டை எண்ணும் மௌனமானதன்று. 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று பிறந்த நாளின் வரிசை. பெண்ணாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணை ஒப்புவித்தவர் தம் வயதையும் பாலையும் ஒப்புவித்தவராகிறார். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற அடையாளம் வேறு நோக்கத்துக்குப் பயன்படுவதே இங்குள்ள ஆபத்து.

1990–91இல் போர் தீவுப்பகுதி மக்களை வேரோடு பெயர்த்தது. வீட்டையும் வளவையும் விட்டோடியவர்கள் பிறப்புப் பத்திரத்தையும் சான்றிதழையும் எவ்வாறு காப்பாற்றுவர்? காகிதத்தை இழந்தவர் தாம் தாமே என்று நிறுவ அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். அடையாளத்தைக் காகிதத்தில் மட்டும் வைத்த அமைப்பில் காகிதம் எரிந்தால் ஆளும் இல்லை!

எழுத்துக் காட்டிய இனம்

சுட்டெண் பெயரை மறைத்தது. ஆனால் விடை எழுதிய மொழியை அதனால் மறைக்க முடியவில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அநுமதியில் மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலத்தவர் 227 புள்ளிகளும், தமிழ் மொழிமூலத்தவர் 250 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. இதன் தொடர்ச்சியாகவே தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது.

இதனை இனவாதக் கண்கொண்டு மட்டும் பார்ப்பது நம் வழியன்று. வசதியற்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் நீதி கேட்டே நின்றது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு, தமிழ் மாவட்டங்கள் உட்பட, பங்கீடு சில கதவுகளைத் திறந்தது. ஆனால் வறுமை எங்கே இருக்கிறதென்று தேடாமல், மொழி என்ற அடையாளத்தை வறுமையின் அளவுகோலாகக் கொண்டதே அடிப்படைத் தவறு. மாவட்ட அடையாளத்திலும் அதே குறை உண்டு. யாழ்ப்பாண மாவட்டம் என்ற ஒரே தலைப்பின் கீழ் நகரத்துப் பெருங்கல்லூரி மாணவரும் நெடுந்தீவு மீனவரின் மகளும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். ஆளைப் பற்றி அரசு மிகுதியாக அறிவதால் நீதி மிகுந்துவிடுவதில்லை என்பதே இதனால் நாம் பெறும் பாடம். எதை அறிகிறது, எதற்காக அறிகிறது என்பதே வினா.

வீட்டுக்குள் வந்த கண்

1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கொழும்புக்கு அருகே நாவலவில் தலைமையகத்தைக் கொண்ட அது, யாழ்ப்பாணத்திலும் தன் பிராந்திய நிலையத்தை வைத்துள்ளது. தூரம் முற்றாக நீங்காவிடினும் மண்டபம் சற்று அருகே வந்தது. அங்கும் பழைய முறையே அடித்தளம்: வீட்டில் படிப்பு, மண்டபத்தில் பரீட்சை. வீடு மாணவருடையது, மண்டபம் பல்கலைக்கழகத்துடையது. எல்லை தெளிவாக இருந்தது.

அந்த எல்லையைக் குலைத்தது வீட்டுக்குள் புகுந்த கமரா. அமெரிக்கக் காங்கிரஸ் 2008இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தி, தொலைக்கல்வியில் பதிவு செய்தவரே பாடத்தைப் பயின்று முடிக்கிறார் என்பதை நிறுவனங்கள் உறுதிப்படுத்த வேண்டும் என விதித்தது. அதன் கீழ் எழுந்த ஒழுங்குவிதிகள், கடவுச்சொல், மேற்பார்வையோடு கூடிய பரீட்சை, புதிய தொழில்நுட்பம் ஆகியவற்றை வழிகளாகக் காட்டின. அதே விதிகள் வேறு இரண்டையும் கூறின: உறுதிப்படுத்தும் முறை மாணவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், அதற்கு மேலதிகக் கட்டணம் உண்டாயின் பதிவின்போதே அறிவிக்க வேண்டும். முதலாளித்துவத்தின் தலைமை நாடும் இவ்விரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொண்டதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

2020இல் கொரோனாத் தொற்று உலகின் பரீட்சை மண்டபங்களை மூடியது. அப்போது பல நாடுகளில் மேற்பார்வை மென்பொருளை விற்கும் நிறுவனங்களுக்கு அறுவடைக் காலம் பிறந்தது. மாணவரின் முகத்தை இயந்திரம் உற்றுநோக்கிற்று. கண் விலகினால் குறித்துக்கொண்டது. அறையைச் சுற்றிக் காட்டுமாறு பணித்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் அரச பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பரீட்சைக்கு முன் தம் படுக்கையறையைக் கமராவால் சுற்றிக் காட்டுமாறு பணிக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வாறு அறையைச் சோதித்தது அரசியலமைப்புக்கு முரணான தேடுதல் என 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கறுப்பின மாணவி ஒருவர், மேற்பார்வை மென்பொருள் தம் முகத்தை முகமென்றே இனங்காணத் தடுமாறியது என முறையிட்டார். பாரபட்சம் நிகழ்ந்ததென ஊகிக்க இடமுண்டு எனக் கூறிய அந்நாட்டு மனித உரிமைகள் நிறுவகம், அவ்வாறன்று என்று நிறுவும் பொறுப்பைப் பல்கலைக்கழகத்தின் மேல் வைத்தது. 2023இல் அவர் விடயத்தில் பாரபட்சம் நிரூபணமாகவில்லை என முடிவு செய்தது. முடிவு மாணவிக்குச் சாதகமாக அமையவில்லை. ஆயினும் இயந்திரத்தைப் புகுத்தியவரே அதன் நேர்மையை நிறுவ வேண்டும் என்ற நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது. அந்நெறி நமக்கும் வேண்டும்.

இந்தக் கமராவை நம் தீவின் வீடொன்றில் வைத்துப் பார்ப்போம். தனியறை என்பது எத்தனை வீடுகளில் உண்டு? ஒரே கூடத்தில் பாட்டி இருமுவார்; குழந்தை குறுக்கே ஓடும்; ஒரு கைபேசியை நால்வர் பகிர்வர். தனியறையும் தடையற்ற மின்சாரமும் விரைவான இணைப்பும் உள்ளவரை 'நேர்மையான மாணவர்' என்று வரையறுத்த இயந்திரத்துக்கு இவை யாவும் ஐயத்துக்குரிய அசைவுகள். வறுமையே குற்றச் சான்றாகிவிடுகிறது. அதற்கு மேலாக, வீட்டின் வறுமையை அந்நியர் கண்முன் விரித்துக் காட்டும் அவமானத்தையும் மாணவர் சுமக்க வேண்டும். பெண்களுக்கு இச்சுமை இரட்டிப்பானது. படம் எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பர், எப்போது அழிக்கப்படும் என்று கேட்கும் துணிவு, பட்டத்துக்காக ஏங்கி நிற்பவருக்கு எளிதில் வருமோ? வேறு வழியில்லாதவர் அளிக்கும் சம்மதம் சம்மதம் ஆகாது.

நாம் கோருவது

இலங்கை 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றியது. முகம், விரலடையாளம் முதலிய உடலியல் தரவுகளைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் அச்சட்டம் சேர்த்துள்ளது. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. அது மாணவரின் கைக்கு எட்டுவது வேறு. எட்டச் செய்வது ஆசிரியர், மாணவர் அமைப்புகளின் கடமையாகும். நம் கோரிக்கைகள் கடினமானவை அல்ல.

முதலாவது, உறுதிப்படுத்தல் பரீட்சையின் அளவோடு நிற்க வேண்டும். அதன்பொருட்டுப் பெற்ற படமும் தரவும் வேறெந்த அலுவலகத்துக்கும், வணிக நிறுவனத்துக்கும், பாதுகாப்புத் துறைக்கும் செல்லலாகாது. குறித்த காலத்தில் அழிக்கப்பட வேண்டும். இரண்டாவது, மாணவரின் வீட்டைப் பரீட்சை மண்டபமாக்குவதை விட, மண்டபத்தை மாணவருக்கு அருகே கொண்டுவருவதே முறை. ஒவ்வொரு தீவிலும் பாடசாலைகள் உள்ளன. மேற்பார்வை செய்யக்கூடிய ஆசிரியர்களும் உள்ளனர். 1865இல் மொரிசியஸ் தீவுக்கு வினாத்தாள் செல்ல முடிந்ததாயின், இன்று நெடுந்தீவுக்குச் செல்ல முடியாதென்பது எவ்வாறு பொருந்தும்? மூன்றாவது, இதற்கான செலவைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். தாம் கள்ளரல்லர் என்று நிரூபிக்க மாணவரிடம் கட்டணம் அறவிடுவது நீதியன்று. நான்காவது, இயந்திரம் எழுப்பிய ஐயத்தின் மேல் எந்த மாணவருக்கும் தண்டனை விதிக்கலாகாது. மனிதர் கேட்டு, மனிதர் தீர்ப்பளித்து, மேன்முறையீட்டுக்கும் இடம் வைக்க வேண்டும். ஐந்தாவது, திருத்தும் மேசைக்குப் பெயரோ ஊரோ முகமோ செல்லாத பழைய நல்வழக்கைப் புதிய கருவிகளிலும் பேண வேண்டும்.

மோசடியைத் தடுப்பதற்குக் கல்வியின் உள்ளிருந்தே எழும் வழி ஒன்றும் உண்டு. நூலை அப்படியே ஒப்புவிக்கக் கேட்கும் வினாவுக்கு யாரும் யாருக்காகவும் விடை எழுதிக் கொடுக்கலாம். தன் ஊரின் கிணற்றையும் கடலையும் தொழிலையும் கொண்டு சிந்திக்கச் செய்யும் வினாவுக்கு அவ்வளவு எளிதில் எழுதிக் கொடுக்க இயலாது. மாணவரின் எழுத்தை ஆண்டு முழுதும் ஊன்றி வாசிக்கும் ஆசிரியர் அவருடைய முகத்தைக் காணாவிடினும் குரலை அறிவார். ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைத்து, கமராவின் எண்ணிக்கையைக் கூட்டும் நிர்வாகம் இந்த அறிவைத்தான் முதலில் இழக்கிறது.

ஆளை அறிவது நம்பிக்கையின் தொடக்கம். ஆளை அளவுக்கு மேல் அறிய முனைவது ஆதிக்கத்தின் தொடக்கம். தீவின் மகளோ மகனோ பட்டத்துக்காகத் தம் உழைப்பைத் தரட்டும்; தம் பெயருக்குரிய சான்றைத் தரட்டும். அதற்கு மேல் அவர்தம் வீட்டின் கதவைத் திறக்குமாறு கேட்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமையில்லை.